நம்புதற்குக் காரணமும் ஐயுறுதற்குக் காரணமும்

நன்னூலின் பொதுவியலைக் கற்பிக்கும்போது, வினா அறுவகைப்படும் என்னும் இடத்தில் மாணாக்கர் சற்றே விழித்தெழுவதை ஆண்டுதோறும் கண்டு வருகிறேன். சொற்றொடர் ஒன்றேயாயினும், கேட்பவனது மனநிலையால் அது வேறு வேறு வினாவாகும் என்பது அவர்க்குப் புதுமையாகத் தோன்றும். விடையை அறிந்துவைத்துக்கொண்டே ஆசிரியன் மாணாக்கனை வினாவுவது அறிவினா. மாணாக்கன் அறியாமையால் வினாவுவது அறியாவினா. இருளிலே கிடப்பது பாம்போ கயிறோ என மயங்கி வினாவுவது ஐயவினா. கொளல், கொடை, ஏவல் என்பன பற்றி எழுவன ஏனை மூன்றும்.

சென்ற தவணையில் இப்பகுதியைக் கற்பித்துக்கொண்டிருந்த நாள்களிலேதான், தமிழகத்தில் மதுரைக்கு அண்மையில் வாழும் என் நண்பர் ஒருவரிடமிருந்து தடித்த உறையொன்று வந்து சேர்ந்தது. அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் இலக்கிய மாநாட்டிலே அறிமுகமானவர். அன்றுதொட்டு எமக்குள் கடிதப் போக்குவரத்து நின்றதில்லை. வழக்கமாக அவர் எழுதுவது பாடபேதங்களைப் பற்றியதாயிருக்கும். இம்முறை உறையினுள்ளே வருமான வரித் துறையின் அறிவித்தல்கள், கட்டளைகள் ஆகியவற்றின் பிரதிகள் இருந்தன. "வழக்கை வழக்கறிஞர் பார்த்துக்கொள்கிறார். தங்களிடம் வேண்டுவது ஒன்றே. நான் அடிக்கோடிட்டிருக்கும் ஆங்கிலத் தொடர்களைப் பிசகின்றித் தமிழாக்கி அனுப்புங்கள். என் மனைவி தமிழ் மட்டுமே அறிந்தவள். பணம் அவளுடையது. அதைப்பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அவள் அறியவேண்டும்" என்று எழுதியிருந்தார்.

மொழிபெயர்ப்பென்று தொடங்கிய வேலை, அயல்நாட்டு வரிச்சட்டத்தின் வரலாற்றையே ஓரளவு கற்கும்படி என்னைச் செய்துவிட்டது. கற்றதை எம் வாசகர்முன் வைப்பது தகுமென எண்ணுகிறேன். சொல்லாராய்ச்சி நூலகத்தோடு முடிவதன்று என்பதற்கும், ஒரு தொடர் மாறினால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு கரையக்கூடும் என்பதற்கும் இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

நிகழ்ந்தது இதுதான்

2016 நவம்பர் 8ஆந் திகதி இரவு, ஐந்நூறு ரூபா, ஆயிரம் ரூபாத் தாள்கள் செல்லாவென இந்திய அரசாங்கம் அறிவித்ததை யாவரும் அறிவர். அடுத்து வந்த வாரங்களில் நண்பர் தம் ஓய்வூதியக் கணக்கிலே 7,20,000 இந்திய ரூபாவைச் செலுத்தினார். அது மூன்று வழியால் வந்த பணம். 1,80,000 ரூபா, வீட்டுக் கூரையைத் திருத்தும்பொருட்டு அதே வங்கியிலிருந்து சில மாதங்களுக்கு முன்னர் எடுத்து, வேலை நடவாமையால் வீட்டில் வைத்திருந்தது. 3,00,000 ரூபா, மகளின் திருமணச் செலவை எண்ணி அம்மையார் தம் நகைகளை விற்றுப் பெற்றது. எஞ்சிய 2,40,000 ரூபா அம்மையாரின் சிறுவாடு.

சிறுவாடு என்னுஞ் சொல்லை இக்கால மாணாக்கர் பலர் அறியார். வீட்டுச் செலவுக்குக் கிடைத்ததிலே மிச்சம் பிடித்துப் பெண்கள் தமக்கெனச் சேர்த்து வைக்கும் சிறுபணம் அது. எங்கள் பாட்டிமார் கொட்டப்பெட்டியிலும் சேலைத் தலைப்பிலும் முடிந்து வைத்ததும் அதுவே. அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை. பேரேடு இல்லை. பல வீடுகளிலே கணவனுக்கும் அது தெரியாது. தெரியாதிருப்பதே அதன் இலக்கணம் எனலாம்.

நண்பர் அவ்வாண்டுக்குரிய வருமான விவரத்திரட்டை ஒழுங்காகச் சமர்ப்பித்தார். கூடுதலாகப் பிடிக்கப்பட்ட சிறுதொகை அவருக்குத் திரும்பவுங் கிடைத்தது. கணக்கு முடிந்ததென்றே இருந்தார். 2021 யூன் மாத இறுதியில், அவரது வருமானத்தில் ஒரு பகுதி மதிப்பீட்டுக்குத் தப்பிவிட்டதென்றும் கணக்கு மீளத் திறக்கப்படுகின்றதென்றும் அறிவித்தல் வந்தது. ஓராண்டு கழித்து, அதற்கு ஆதாரமான தகவல் ஒருவரியில் வந்தது: தாள்கள் செல்லாதாக்கப்பட்ட காலத்திலே கணக்கில் இவ்வளவு பணம் செலுத்தப்பட்டுள்ளது என்பதே அவ்வரி. நண்பர் விளக்கம் எழுதினார். 2024இன் தொடக்கத்தில் முடிபு வந்தது. வங்கியிலிருந்து எடுத்த தொகையை உத்தியோகத்தர் ஏற்றுக்கொண்டார். நகை விற்ற சீட்டிலே பதிவிலக்கம் இல்லையென்றும், சிறுவாட்டுக்குச் சான்றே இல்லையென்றும் கூறி, மிகுதி 5,40,000 ரூபாவை விளக்கப்படாத பணமென வருமானத்தோடு கூட்டிவிட்டார்.

அதற்கு விதிக்கப்பட்ட வரிவீதம் வழக்கமான வீதமன்று. 2016 டிசெம்பரில், அதாவது தாள்கள் செல்லாதாக்கப்பட்டபின், அவசரமாக நிறைவேறிய திருத்தமொன்று, விளக்கப்படாத வருமானத்தின் மீதான வரியை 60 சதவீதமாக உயர்த்தியது. அவ்வரியின்மேல் 25 சதவீத மேல்வரியும், அவ்விரண்டின் தொகைமேல் 3 சதவீதத் தீர்வையும் சேர, நூறு ரூபாவுக்கு 77.25 ரூபா ஆகின்றது. 5,40,000 ரூபாவுக்கு 4,17,150 ரூபா. வட்டியும் தண்டமும் இதற்குப் புறம்பானவை.

இதனை வீட்டிலே விளங்கப்படுத்தியபோது அம்மையார் கேட்டது ஒரு கேள்வி: "அப்படியென்றால் நான் சேர்த்த பணம் என் பணம் இல்லையா?" அக்கேள்விக்கு விடை காணவே நண்பர் என்னைத் தேடினார்.

ஒரு தொடரின் அறுபது ஆண்டுகள்

மேலே செல்லுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நாட்டின் தலைமை மன்றினை நாம் உயர் நீதிமன்றம் என்கிறோம். தமிழகத்தார் உச்ச நீதிமன்றம் என்பர். அவர்கள் உயர் நீதிமன்றம் என்பது மாநிலத்தின் தலைமை மன்று. இந்திய மன்றுகளை இங்கே அவர்தம் வழக்குப்படியே குறிக்கிறேன்.

இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 1962 ஏப்ரல் 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. முடிந்த கணக்கை மீளத் திறக்கும் அதிகாரத்தை அதன் 147ஆம் பிரிவு கொடுத்தது. ஆயின் ஒரு நிபந்தனையோடுதான் கொடுத்தது. வருமானம் மதிப்பீட்டுக்குத் தப்பியுள்ளதென்று "நம்புதற்குக் காரணம்" உத்தியோகத்தருக்கு இருத்தல் வேண்டும். இத்தொடர் அதற்கு முந்திய சட்டத்தின் பிற்காலத் திருத்தங்களிலும் இருந்ததே. அறுபது ஆண்டுகளாக இந்திய நீதிமன்றங்கள் இந்த இரண்டு சொற்களுக்கும் உரை வகுத்து வந்தன. உரையாசிரியர் பரம்பரையில் வந்த எமக்கு அவ்வுரைகளைப் படிப்பதில் ஒரு தனிச் சுவை உண்டு.

1961ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டுகளில் வெளிவந்த கல்கத்தா டிஸ்கவுண்ட் கம்பனி வழக்கில், வரியிறுப்பவரின் கடமை அடிப்படைச் செய்திகளை ஒளியாது வெளியிடுவதோடு முடிகின்றது என்றும், அவற்றிலிருந்து முடிபு காண்பது உத்தியோகத்தர் வேலை என்றும் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. 1976இல் நீதியரசர் எச். ஆர். கன்னா, சட்டம் கேட்பது நம்புதற்குக் காரணமேயன்றி ஐயுறுதற்குக் காரணம் அன்று என வேறுபடுத்தினார். கையிலுள்ள செய்திக்கும் கொண்ட நம்பிக்கைக்கும் இடையே உயிருள்ள தொடர்பு இருத்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 2002 நவம்பரில், ஜி.கே.என். டிரைவ்ஷாப்ட்ஸ் வழக்கில், காரணத்தைக் கேட்டால் கொடுத்தே தீரவேண்டும் என்றும், எதிர்ப்புரை வந்தால் அதற்குக் காரணங் காட்டும் கட்டளையால் விடை கூறவேண்டும் என்றும் நெறி வகுக்கப்பட்டது. 2010இல் கெல்வினேட்டர் வழக்கில், முன்னர் ஆராய்ந்து ஏற்றதொன்றைப் பின்னர் வேறு விதமாக எண்ணுவது மட்டும் காரணமாகாது. கைப்படுஞ் சான்று புதிதாக வேண்டும் எனப்பட்டது.

இவற்றின் கருத்தை நன்னூலார் மொழியிற் சொல்வதானால், கணக்கை மீளத் திறப்பவன் கேட்பது வெறும் ஐயவினாவாய் இருத்தலாகாது. பாம்போ கயிறோ என்ற மயக்கம் மட்டும் போதாது. பாம்பென்று கொள்ள ஏதேனும் ஒரு குறி கண்டிருக்க வேண்டும். அக்குறி எது என்று மற்றவன் கேட்டால் காட்டவும் வேண்டும்.

2021ஆம் ஆண்டின் நிதிச்சட்டம் இத்தொடரையே எடுத்துவிட்டது. 2021 ஏப்ரல் 1 முதல் வேண்டப்படுவது நம்புதற்குக் காரணம் அன்று. வருமானம் தப்பியதெனச் "சுட்டும் தகவல்". நம்புவதற்கு ஒரு மனம் வேண்டும். தகவல் இருப்பதற்கு மனம் வேண்டியதில்லை. வங்கி அனுப்பும் பட்டியலும், இயந்திரம் சில குறிகளைக் கொண்டு பிரித்தெடுக்கும் பெயர்களும் தகவலாகக் கூடும். என் நண்பருக்கு வந்த ஒருவரி இவ்வகையினதே. பணம் செலுத்தப்பட்டதென்று அது கூறியது. அப்பணம் வருமானமென்று கொள்ளற்குரிய குறி எதனையும் அது காட்டவில்லை.

ஆயினும் அத்திருத்தத்தை முற்றாகப் பழிப்பது நீதியன்று. முன்னர்க் கணக்கைத் திறந்த பின்னரே காரணம் தெரியவந்தது. 2021இன் பின் திறக்குமுன்னரே அறிவித்தல் கொடுத்து, தகவலைக் காட்டி, மறுமொழி கேட்டு, காரணங் கூறுங் கட்டளையொன்றைப் பிறப்பித்தபின்னரே திறக்கலாம் என 148அ என்னும் புதுப்பிரிவு விதித்தது. ஆகவே குடிமகன் ஒரு வலிய சொல்லை இழந்தான். அதற்கு ஈடாக முன்கூட்டியே பேசும் வாய்ப்பொன்றைப் பெற்றான். அவ்வாய்ப்பு மெய்யாக வழங்கப்படுகின்றதா, பெயரளவில் வழங்கப்படுகின்றதா என்பதே இன்றைய வழக்குகளிற் பெரும்பாலானவற்றின் உட்பொருள்.

தொண்ணூறாயிரம் அறிவித்தல்கள்

புதுச்சட்டம் வந்தவுடனேயே ஒரு குழப்பம் விளைந்தது. கொரோனாக் காலத்துக் காலநீட்டிப்பைத் துணைகொண்டு, 2021 ஏப்ரல் முதல் யூன் வரை வரித்துறை பழைய சட்டப்படியே ஏறத்தாழ 90,000 அறிவித்தல்களை அனுப்பிவிட்டது. ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் நீதிமன்றங்களை நாடினர். இறந்துபட்ட சட்டத்தின்கீழ் அனுப்பியவை செல்லாவென உயர் நீதிமன்றங்கள் பல தீர்த்தன.

2022 மே 4ஆந் திகதி உச்ச நீதிமன்றம் இடைவழியொன்றைக் கண்டது. அவ்வறிவித்தல்கள் பிழையானவை என்பதை ஏற்றுக்கொண்டே, அரசியலமைப்பின் 142ஆம் உறுப்புரை தரும் சிறப்பதிகாரத்தால், அவற்றைப் புதுச்சட்டத்தின் முன்னறிவித்தல்களாகக் கருதுமாறு ஆணையிட்டது. துறையினர் முப்பது நாளில் தகவலையும் சான்றையும் கொடுக்கவேண்டும். வரியிறுப்போர் இரு வாரத்தில் மறுமொழி தரவேண்டும். என் நண்பருடையது அத்தொண்ணூறாயிரத்துள் ஒன்று. அவருக்கு ஓராண்டு கழித்துத் தகவல் வந்ததன் காரணமும் இதுவே. 2024 அக்டோபர் 3ஆந் திகதி வந்த தீர்ப்பு காலக்கணக்கைப் பெரும்பாலும் துறைக்குச் சாதகமாகவே வகுத்தது. 2015-16 மதிப்பீட்டாண்டுக்கென 2021 ஏப்ரல் 1இலும் அதன் பின்னரும் அனுப்பியவை கைவிடப்பட வேண்டியவை என்பதைத் துறையினரே ஒப்புக்கொண்டனர்.

பொதுநன்மை கருதி எடுத்த முடிபென்று இதனைக் கூறுவர். அப்படியே ஆகுக. ஆனால் அரசின் பிழைக்கு மன்னிப்புக் கிடைத்த அதே சட்டத்தில், ஒரு நாள் பிந்தி மறுமொழி கொடுத்த ஆசிரியனுக்கு அத்தகைய மன்னிப்பு எளிதில் இல்லை என்பதையும் குறித்துவைத்தல் நன்று.

2024 செத்தெம்பர் 1 முதல் கால எல்லை குறுகியுள்ளது. பொதுவாக மூன்று ஆண்டும் மூன்று மாதமும். தப்பிய தொகை 50 இலட்சம் ரூபாவோ அதற்கு மேலோ ஆயின் ஐந்து ஆண்டும் மூன்று மாதமும். அதற்குமுன் பத்தாண்டு வரை சென்றது. இது நல்ல மாற்றம். முடிந்ததற்கு ஒரு முடிவு வேண்டும் என்பது நீதியின் ஒரு கூறு. பத்தாண்டுக்கு முந்திய பற்றுச்சீட்டை எந்த வீட்டிலே தேடுவது? 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2026 ஏப்ரல் 1ஐத் தொடக்க நாளாகக் கொண்ட 2025ஆம் ஆண்டுச் சட்டம் பெறுகின்றது. முன்னைய ஆண்டுகளின் கணக்குகளுக்குப் பழைய சட்டமே அளவுகோல்.

விளக்கப்படாதது வேறு, வருமானம் வேறு

இனிக் கூட்டப்பட்ட தொகைக்கு வருவோம். 68ஆம் பிரிவு, ஒருவர் தம் கணக்குப் புத்தகத்திலே பதிந்த வரவைப் பற்றியது. அவ்வரவைக் கொடுத்தவர் யார், கொடுக்கும் வகை அவருக்கு உண்டா, கொடுத்தது மெய்யா என்னும் மூன்றுக்கும் விடை வேண்டும். ஓய்வூதியம் பெறும் ஆசிரியர் கணக்குப் புத்தகம் வைத்திருப்பாரல்லர். வங்கிப் புத்தகம் வங்கியினுடையதேயன்றி வாடிக்கையாளர் எழுதும் கணக்கன்று எனப் பம்பாய் உயர் நீதிமன்றம் முன்னரே கூறியிருக்கிறது. ஆதலின் நண்பருக்கு ஏற்பட்டது 69அ பிரிவு. கையிற் கண்ட பணத்தைப் பற்றியது. உடையவர் விளக்கந் தராவிடினும், தந்த விளக்கம் உத்தியோகத்தருக்குத் திருப்தி தராவிடினும், அப்பணம் அவரது வருமானமெனக் "கருதப்படலாம்" என்பது அதன் வாசகம்.

கருதப்படலாம், கருதப்படும் அன்று. இவ்வேறுபாடு இலக்கணப் பண்டிதரின் வீண் நுணுக்கம் எனத் தோன்றக்கூடும். ஆயின் உச்ச நீதிமன்றமே இதன்மேல் ஒரு தீர்ப்பை நிறுவியிருக்கிறது. கேரளத்துப் பெண்ணொருத்தி, ஏறத்தாழ இருபது வயதினள், நிலம் வாங்கியிருந்தாள். பணம் வந்த வழியைப் பற்றி அவள் கூறியதை உத்தியோகத்தர் ஏற்கவில்லை. நீதிமன்றமும் அவ்விளக்கத்தை ஏற்றதென்று கூறவில்லை. ஆனால், அவ்வயதில் அந்நிலையிலிருந்த ஒருத்தி அவ்வளவு பெருந்தொகையைத் தானே உழைத்திருக்க முடியாது. ஆகவே விளக்கம் பொருந்தாமை ஒன்றினாலேயே அதனை அவள் வருமானமாக்க வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை என 1997இல் தீர்த்தது. விளக்கம் தோற்றாலும் வருமானம் என்பது தனியே நிற்கவேண்டிய முடிபு. இரண்டுக்கும் இடையே உத்தியோகத்தரின் மனச்சான்று செல்லவேண்டிய ஓர் இடைவெளி இருக்கின்றது. "லாம்" என்னும் ஈறு அந்த இடைவெளியைக் காக்கின்றது.

நகையைப் பற்றியும் ஒரு சான்று உண்டு. சோதனை நடத்தும்போது, மணமான பெண்ணுக்கு 500 கிராமும் மணமாகாதவளுக்கு 250 கிராமும் ஆணுக்கு 100 கிராமும் உள்ள பொன்னகைகளைக் கைப்பற்றலாகாது என்று இந்திய நேரடி வரிகள் வாரியம் 1994 மே மாதத்தில் அறிவுறுத்தல் விடுத்தது. எம் சமுதாயத்திலே பெண்ணின் பொன் எங்கிருந்து வருகின்றதென்பதை அரசு அறியும் என்பதற்கு அவ்வறுத்துரைத்த அளவே சாட்சி. சிறுவாட்டைப் பற்றியும், தாள்கள் செல்லாதாக்கப்பட்ட காலத்தில் இல்லத்தரசியர் செலுத்திய இரண்டரை இலட்சம் ரூபா வரையான பணத்தை அவர் வருமானமாகக் கொள்ளலாகாது என ஆக்ராவிலுள்ள வருமான வரி மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021இல் தீர்த்துள்ளது. குடும்பத்தைப் பேணும் பெண்ணின் உழைப்புக்குச் சம்பளச்சீட்டு இல்லையென்பதால் அவள் சேமிப்பும் இல்லையாகிவிடாது என்பதே அதன் கருத்து.

வரிவீதத்தைப் பொறுத்தவரையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 நவம்பரில் தந்த தீர்ப்பு நண்பருக்குப் பெருந்துணை. 60 சதவீதம் 2017 ஏப்ரல் 1 முதலான கொடுக்கல் வாங்கல்களுக்கே பொருந்தும். 2016 நவம்பரிற் செலுத்திய பணத்துக்குப் பின்வந்த சட்டத்தால் வீதத்தை ஏற்றலாகாது என்றது அத்தீர்ப்பு. கேரள உயர் நீதிமன்றம் முன்னர் வேறு விதமாகக் கண்டிருந்தது.

அரசின் பக்கம்

இவ்வளவும் கூறியபின் மறுபக்கத்தைக் கூறாது விடுதல் நடுவுநிலையாகாது. செல்லாதாக்கப்பட்ட 15.41 இலட்சம் கோடி ரூபாவில் 15.31 இலட்சம் கோடி, அதாவது 99.3 சதவீதம், வங்கிகளுக்குத் திரும்பிவிட்டதென இந்திய ரிசர்வ் வங்கி 2018இல் அறிவித்தது. கறுப்புப்பணம் எரிந்தோ ஆற்றில் எறியப்பட்டோ ஒழியவில்லை. அதுவும் வங்கிக்கே வந்திருக்கின்றது என்று துறையினர் எண்ணியதிற் பிழையில்லை. ஏழைகளின் கணக்கிலும் ஓய்வூதியர் கணக்கிலும் பிறர் பணம் புகுந்திருக்கலாம். 1995இல், குதிரைப் பந்தயத்திலே மீண்டும் மீண்டும் பெருந்தொகை வென்றதாகக் கூறிய ஒருவரின் விளக்கத்தை, மனித வாழ்வின் இயல்புக்கு ஒவ்வாதெனக் கூறி உச்ச நீதிமன்றம் தள்ளியது. தாள்கள் சரியாயிருந்தும் கதை சரியாயில்லை என்பதே அங்கே காரணம்.

ஆயின் இந்த அளவுகோல் இருபக்கமும் அளக்கவேண்டியது. மனித வாழ்வின் இயல்பு, பந்தயக் கதையைப் பொய்யென்று காட்டுமானால், நாற்பதாண்டு குடும்பம் நடத்திய பெண்ணிடம் 2,40,000 ரூபா சேர்ந்திருக்கும் என்பதை மெய்யென்றுங் காட்டவேண்டுமன்றோ? இயல்பை ஒருவனுக்கு எதிராக மட்டும் எடுத்துக்கொள்வது தராசில் ஒரு தட்டை மட்டும் தூக்கிக்கொள்வதாகும்.

விடை கூறும் முறை

நண்பரின் வழக்கறிஞர் எழுதிய கடிதங்களைப் படித்தபோது, எதிர்வாதஞ் செய்வதில் ஒரு வரிசை இருப்பதைக் கண்டேன். முதலாவது கேள்வி தொகையைப் பற்றியதன்று, அதிகாரத்தைப் பற்றியது. அறிவித்தல் கால எல்லைக்குள் வந்ததா? உரிய மேலதிகாரியின் முன்னனுமதி உண்டா? தகவல் முழுவதும் காட்டப்பட்டதா? மறுமொழிக்குச் சட்டம் கூறிய காலம் கிடைத்ததா? எழுப்பிய எதிர்ப்புக்கெல்லாம் கட்டளையில் விடை இருக்கின்றதா? இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் மீளத்திறப்பே விழுந்துவிடக்கூடும். இரண்டாவதே பணத்தின் விளக்கம். அதனை ஒரே மூச்சிற் கூறலாகாது. ஒவ்வொரு தொகையாகப் பிரித்து, அதற்குரிய நாளும் தாளும் சேர்த்து வைக்கவேண்டும்.

நேரே உயர் நீதிமன்றஞ் செல்வதா, மேன்முறையீட்டு வழியே செல்வதா என்பது அடுத்த கேள்வி. அதிகாரமே இல்லாதவிடத்து நீதிமன்றங்கள் நீதிப்பேராணை வழங்குவதுண்டு. பணத்தின் விளக்கம் பற்றிய பூசலென்றால், சட்டம் வகுத்த மேன்முறையீட்டுக்குப் போ என அனுப்பிவிடுவதே வழக்கம்; 2013இல் உச்ச நீதிமன்றம் இதனை வற்புறுத்தியும் உள்ளது. மேன்முறையீட்டு ஆணையாளரிடம் முப்பது நாளிற் செல்லவேண்டும். அதன்மேல் தீர்ப்பாயம். அதன்மேல், முக்கியமான சட்டவினா இருந்தால் மட்டும், உயர் நீதிமன்றம். மேன்முறையீடு நிலுவையிலிருக்கையில், கேட்கப்பட்ட வரியில் 20 சதவீதத்தைக் கட்டினால் மிகுதியை அறவிடாது நிறுத்திவைக்கலாம் என 2017 முதல் ஒரு நடைமுறை இருக்கின்றது.

இங்கே மீண்டும் நன்னூல் நினைவுக்கு வருகின்றது. விடை எட்டு என்று கூறும் அந்நூல், சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றையே செவ்வன் இறையாகக் கொள்ளும். செல்வாயோ என்று கேட்டால், கால் நோகின்றது என்பது உற்றது உரைத்தல். விடைபோல நிற்கும், ஆனால் நேர்விடையன்று. வரித்துறைக்கு எழுதும் எளியோர் பலர் தம் நோயையும் முதுமையையும் வறுமையையும் நிரம்ப எழுதி, கேட்டதற்கு விடை எழுதாது விட்டுவிடுகின்றனர். முன்னரெனில் நேரிற் சென்று முகத்தைக் காட்டலாம். 2020 முதல் இந்தியாவில் முகங்காணா மதிப்பீடு பெருவழக்காகிவிட்டது. எழுதியவரும் படிப்பவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. எனவே எழுத்தே ஆளாகின்றது. தெளிவாக ஒரு பக்கம் எழுதத் தெரிதல் இனிப் பரீட்சைக்கு மட்டும் வேண்டிய பயிற்சி அன்று என்பதை ஆசிரியர்கள் மாணாக்கர்க்கு எடுத்துச் சொல்லலாம்.

எம் நாட்டில்

இவையெல்லாம் கடலுக்கு அப்பால் நிகழ்வன என்று இருந்துவிடுதற்கில்லை. இலங்கையில் வருமான வரி 1932இல் வந்தது. அக்காலத்தில் அது செல்வர் சிலரின் கவலை. 2023 தொடக்கத்திலிருந்து உயர்ந்த வீதம் 36 சதவீதமானபோது ஆசிரியர், மருத்துவர், விரிவுரையாளர் பலர் அதன் சுமையை உணர்ந்தனர். 2024ஆம் ஆண்டில், பதினெட்டு வயது நிரம்பியோர் அனைவரும் வரியிறுப்போர் அடையாள இலக்கம் பெறவேண்டும் என்ற விதி வந்தது. இலக்கம் இருக்குமிடத்துக்கு ஒருநாள் தகவலும் வரும். தகவல் வந்தால் வினாவும் வரும்.

காரணங் கேட்கும் உரிமையில் எம் நாடு பின்தங்கியதன்று என்பதை மகிழ்வோடு குறிப்பிடலாம். ஒருவரது விவரத்திரட்டை ஏற்க மறுக்கும் மதிப்பீட்டாளர், மறுத்ததற்கான காரணத்தை அவருக்கு எழுத்தில் அறிவித்தல் கட்டாயம் என எமது உயர் நீதிமன்றம் 1982இலேயே தீர்த்திருக்கின்றது. இந்திய உச்ச நீதிமன்றம் காரணத்தைக் கேட்டால் கொடு என்று நெறி வகுத்ததற்கு இருபதாண்டு முந்தியது இது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, மதிப்பீட்டோடு உடன்படாதவர் முப்பது நாளில் ஆணையாளர் நாயகத்திடம் மீளாய்வு கேட்கலாம். பின்னர் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு இருக்கின்றது. ஆயின் உரிமையை அறியாதவனுக்கு உரிமை இருந்தும் இல்லாததே. அந்த முப்பது நாள், கடிதத்தை உடைக்க அஞ்சி மேசையில் வைத்திருக்கும் நாளையுஞ் சேர்த்தே எண்ணப்படும்.

அரசுக்கு வரி வேண்டும். வரி கேட்கும் அரசு வினாவவும் வேண்டும். அவ்வினாவை நான் வெறுக்கவில்லை. வினாவுக்கு முன்னே அதன் காரணம் வரவேண்டும் என்பதும், விடையை மெய்யாகக் கேட்டபின்னரே முடிபு செய்யவேண்டும் என்பதுமே என் கருத்து. விடையைத் தானே முன்கூட்டி எழுதிவைத்துக்கொண்டு வினாவுவது வகுப்பறையில் ஆசிரியனுக்குப் பொருந்தும். குடிமகனிடம் வினாவும் அரசுக்குப் பொருந்தாது.

நண்பர் கேட்ட தொடர்களைத் தமிழாக்கி அனுப்பினேன். நம்புதற்குக் காரணம், சுட்டும் தகவல், திருப்தி தராத விளக்கம், கருதப்படலாம் என நான்கு. 2025இல் மேன்முறையீட்டு ஆணையாளர், திருமணப் படங்களையும் பொற்கொல்லரின் உறுதிமொழியையும் கண்டு, நகைக்குரிய 3,00,000 ரூபாவை நீக்கிவிட்டார். சிறுவாட்டை மட்டும் ஏற்கவில்லை.

சென்ற மாதம் நண்பரிடமிருந்து மீண்டும் கடிதம் வந்தது. என் தமிழாக்கத்தை அம்மையாருக்கு வாசித்துக் காட்டினாராம். முதல் மூன்று தொடர்களையும் அவர் பேசாது கேட்டிருந்தார். நாலாவதை வாசித்ததும், "கருதப்படலாம் என்றுதானே இருக்கிறது? கருதப்படும் என்று இல்லையே! பின்னை ஏன் அப்படியே கருதிவிட்டார்கள்?" என்றாராம். ஆங்கிலமும் சட்டமும் அறியாத அம்மூதாட்டி கேட்டது இது. உச்ச நீதிமன்றம் 1997இல் கண்ட பொருளும் இதுவே. 2,40,000 ரூபாவுக்கான மேன்முறையீடு இப்போது சென்னையிலுள்ள தீர்ப்பாயத்தின்முன், பெரும்பாலும் அவ்வொரு விகுதியை நம்பியே நிற்கின்றது.